கண்டி நாட்டு உரிமைவழியும் குடும்பப் பேணலும்

மனிதன் தேடிய பொருள் அவனுக்குப் பின்னும் நிற்கின்றது, தேடியவனோ நிற்பதில்லை. ஆதலின், பொருளைத் தேடும் முறையை வகுத்த சமுதாயங்கள் யாவும், அதனைக் கைமாற்றும் முறையையும் வகுத்துக் கொண்டன. இக்கைமாற்றத்தில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. பொருள் யாரைச் சேரும் என்பது ஒன்று. பொருளை விட்டுச் செல்பவரின் முதுமையையும், அவருக்குப் பின் எஞ்சும் மனைவி மக்களையும் யார் பேணுவர் என்பது மற்றொன்று. முதல் வினாவைப் பற்றி நம்மவர் நிறையப் பேசுவர். வேண்டுமாயின் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக வாதிடவுஞ் செய்வர். இரண்டாம் வினாவோ பெரும்பாலும் கேட்கப்படாமலே போகின்றது.

இவ்விரண்டு வினாக்களையும் ஒரே முடிச்சில் இட்டுக் கட்டிய பழைய சட்டமுறை ஒன்று, நாம் வாழும் இக்கண்டி நகரிலும் இதனைச் சூழ்ந்த மலைநாட்டிலும் வழங்கி வந்தது. அதன் ஒரு பகுதி இன்றும் சட்டமாகவே நிலவுகின்றது. அதன் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, இந்நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் அதனின்று அறிந்துகொள்ளத்தக்கது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் ஊழியமும்

கண்டியரசர் காலத்தில் நிலம் வெறும் விலைப்பொருளாக இருந்ததில்லை. வயலொன்றை உடையவன் அவ்வயலுக்குரிய ஊழியத்தையும் உடையவனாயிருந்தான். அரசனுக்குச் செய்யப்பட்ட அவ்வூழியம் இராசகாரியம் எனப்பட்டது. ஒரு வயலுக்குப் போரில் வேலேந்துதல் கடமையாக இருக்கும். மற்றொன்றுக்குச் சுமை காவுதல் கடமையாக இருக்கும். தலதா மாளிகைக்கும், நாத, விட்டுணு, கதிர்காம, பத்தினித் தேவாலயங்களுக்கும் விடப்பட்ட நிலங்களில் முரசறைதலும், விளக்கேற்றுதலும், திருவிழாக் காலத்துப் பணிகளும் நிலத்தோடு ஒட்டிய கடமைகளாயின. இவ்வமைப்பில் ஓர் உண்மை தெளிவாகும். நிலத்துக்கு உரியவன் என்றால், அதற்குரிய கடமையைச் செய்பவன் என்பதே பொருள். கடமையைச் செய்ய ஆளில்லாத வீட்டில் நிலமும் நெடுநாள் தங்காது.

அரசனுக்கும் குடிக்கும் இடையே நிலவிய இந்நியதி குடும்பத்துக்குள்ளும் ஒருவாறு பரவியிருந்தமையைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே காண்கின்றோம். 1660 இல் கொட்டியாரக் குடாவிலே சிறைப்பட்டு, 1679 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டியரசில் வாழ்ந்தவன் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன். கண்டிக்கு அணித்தாயுள்ள எலதெத்த என்னும் ஊரில் நிலம் வாங்கிக் குடியிருந்தவன் ஆதலின், நிலம் பற்றிய வழக்கங்களை அவன் நேரில் அறிந்திருந்தான். 1681 இல் இலண்டனில் வெளிவந்த தன் நூலில், பெற்றோர் தம் விருப்பப்படி நிலத்தை மக்களுக்குப் பகிர்ந்தளிப்பர் என்று கூறும் அவன், மூத்த மகன் முழுவதையும் பெறுவானாயின், தாயையும் அவள் பிள்ளைகளையும், அப்பிள்ளைகள் தம்மைத் தாமே காக்கத்தக்க பருவம் எய்தும் வரை, அவனே பேணுவான் என்றும் எழுதியுள்ளான். முழுச் சொத்தும் ஒருவன் கையிற் சேரலாம். ஆனாற் குடும்பம் முழுவதும் அவன் தோளில் ஏறும். பொருளும் பேணலும் பிரியாமல் நின்ற முறை இதுவே.

இருவகைத் திருமணம்

கண்டி நாட்டு உரிமைவழியின் உயிர்நாடி அதன் திருமண முறையிலே உள்ளது. பெண் தன் பிறந்தகத்தை விட்டுக் கணவன் வீடு செல்லும் திருமணம் ‘தீக’ எனப்படும். கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழும் திருமணம் ‘பின்ன’ எனப்படும். பெயரளவில் இருப்பிடத்தைக் குறிப்பனவாயினும், உண்மையில் இவை சொத்துரிமையைத் தீர்மானித்தன. தீகமாக மணந்து சென்ற பெண், உடன்பிறந்தார் இருக்கையில், தந்தையின் நிலத்தில் தனக்குரிய பங்கை இழந்தாள். பின்னமாக மணந்து பிறந்தகத்திலேயே தங்கிய பெண், தன் சகோதரரோடு ஒப்பப் பங்கு பெற்றாள்.

இவ்விதியை வெறும் ஆண்சார்பு என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அதன் உட்பொருளை நோக்குவோர்க்கு வேறொன்றும் புலப்படும். பங்கைத் தீர்மானித்தது ஆண் பெண் என்னும் வேற்றுமை மட்டுமன்று; ‘முல்கெதர’ எனப்படும் மூலவீட்டில் யார் தங்கினர் என்பதே முதன்மையாகக் கருதப்பட்டது. முதிய பெற்றோருக்குச் சோறாக்கியவரும், அவர் நோயுற்ற காலத்து அருகிருந்தவரும், வயலை உழுதவரும் மூலவீட்டில் தங்கியவரேயன்றோ? தீகமாகச் சென்றவளும் மூலவீட்டோடு நெருங்கிய தொடர்பை விடாது காத்தாளாயின், தன் உரிமையைக் காத்துக்கொள்ள வழியிருந்தது. தன் குழந்தையைப் பெற்றோரிடம் வளரவிடுதல் அத்தொடர்புக்கு ஒரு சான்றாகக் கொள்ளப்பட்டது. அன்றியும், கணவனை இழந்து வறியவளாய்த் திரும்பிவரும் மகளுக்குப் பிறந்தகத்தில் உண்டியும் உறையுளும் மறுக்கப்படவில்லை. நிலப்பங்கு இல்லாத இடத்தும் பேணப்படும் உரிமை அவளுக்கு இருந்தது.

இம்முறையின் இன்னாத பக்கத்தையும் மறைத்தலாகாது. பின்னமாக வந்த கணவனின் நிலை இரங்கத்தக்கது. மனைவியின் வீட்டார் எந்நேரத்தில் வெளியேறச் சொன்னாலும் வெளியேற வேண்டியவன் அவன். ஆதலால், ஊன்றுகோல், தாழைக்குடையை ஒத்த தாளிப்பனை ஓலைக்குடை, வழிக்கு வெளிச்சம் தரும் பந்தம் ஆகிய மூன்றையும் அவன் கைக்கெட்டும் இடத்தில் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கு. இரவாயினும் மழையாயினும் புறப்பட அவை வேண்டுமன்றோ? ஒரு குடும்பத்தைப் பேணும் விதி மற்றொருவனை நிலையற்றவனாக்கியது. பழைய முறைகளைப் போற்றுவோர் இத்தகைய செய்திகளையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

விதவையும் முதியோரும்

கண்டிச் சட்டம் சொத்தை இருவகையாகப் பகுத்தது. முன்னோர் வழியாக வந்தது ‘பரவேணி’. ஒருவன் தன் முயற்சியாற் பெற்றது தேடிய ஆதனம். யாழ்ப்பாணத்தார் முதுசம் என்றும் தேடியதேட்டம் என்றும் பகுத்தலை இஃது ஒருவாறு ஒத்திருத்தல் காண்க. கணவன் இறந்தபின், பரவேணி நிலம் அவனது குருதி வழியிற் சென்றது. தேடிய ஆதனத்தில் விதவைக்குச் சீவிய உரித்து இருந்தது. அதாவது, அவள் வாழுங்காலம் வரை அதன் பயனைத் துய்க்கலாம், விற்க இயலாது, அவளுக்குப் பின் அது கணவனின் உரிமையாளரைச் சேரும். தேடிய ஆதனம் அவளது வாழ்வுக்குப் போதாதாயின், பரவேணி நிலத்தின் வருவாயிலிருந்தும் அவள் பேணப்படல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நிலம் குடும்பத்தை விட்டு நீங்காமலும், விதவை பசியால் வாடாமலும் இருத்தற்கு வகுக்கப்பட்ட நடுவழி இது.

முதியோரைக் காத்த விதியோ இன்னுந் துணிவானது. கண்டி நாட்டில் ஒருவர் தம் நிலத்தைத் தாம் உயிரோடிருக்கையிலேயே மற்றொருவருக்கு நன்கொடையாக அளித்தல் பெருவழக்கு. அவ்வாறு அளிக்கையில், இதுகாறும் செய்த உதவிக்காகவும் இனிச் செய்யவேண்டிய உதவிக்காகவும் கொடுப்பதாகச் சொல்லுதல் மரபு. பெறுபவர் மகனாகவோ, மருமகனாகவோ, உறவல்லாத அயலவராகவோ இருக்கலாம். ஆனால் அந்நன்கொடையைக் கொடுத்தவர், தாம் உயிரோடிருக்கும் வரை, மீட்டுக்கொள்ளலாம் என்பதே கண்டிச் சட்டத்தின் தனிச்சிறப்பு. பேணுவதாகச் சொன்னவன் பேணாதொழிந்தால், முதியவர் நீதிமன்றப் படியேறி அவனது நன்றியின்மையை நிறுவ வேண்டியதில்லை; கொடுத்ததை மீட்டு, பேணுவார் வேறொருவருக்குக் கொடுத்தலே போதும்.

இவ்விதியின் அறிவு நுட்பம் எண்ணத்தக்கது. பெற்றோர் உயிரோடிருக்கையிற் சொத்தைக் கொடாமல் வைத்திருந்தால், மக்கள் ஊக்கங் குன்றி ஊரைவிட்டுச் செல்வர். முற்றாகக் கொடுத்துவிட்டால், பெற்றோர் பிறர் கையை எதிர்பார்ப்பவராவர். கொடுத்தும் கொடாமலும் இருக்கும் ஒரு நிலையைக் கண்டிச் சட்டம் அமைத்துத் தந்தது. வயலை மகன் உழுவான். உழுகின்ற வயல் தனதேயென்னும் ஊக்கம் அவனுக்கு உண்டு. ஆனாற் கிழவரின் சொல்லுக்கு மதிப்புங் குன்றாது.

எழுத்தின் ஆட்சி

1815 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2 ஆந் திகதி கண்டி உடன்படிக்கையினால் இந்நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. வழக்கத்திலிருந்த முறைகளின்படியே கண்டியருக்கு நீதி வழங்கப்படும் என்று அவ்வுடன்படிக்கை உறுதியளித்தது. உறுதியைக் காப்பதற்கு, முதலில் அம்முறைகள் யாவை என்று அறிதல் வேண்டும். கண்டியில் வதிவாளராயிருந்த யோன் டொயிலியும், நீதி ஆணையாளராயிருந்த சைமன் சோயர்ஸும், அவர்களுக்குப் பின் யோன் ஆமரும் தலைவர்களையும் முதியோரையும் உசாவித் தாம் அறிந்தவற்றை எழுதிவைத்தனர். சிங்களத்தில் அமைந்த ‘நீதி நிகண்டுவ’ என்னும் நூல் 1880 இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளிவந்தது. இவையே பிற்கால நீதிபதிகளுக்கு மூலநூல்களாயின. வாய்மொழியாக நெகிழ்ந்து நின்ற வழக்கம் ஏட்டில் இறுகிய விதியாயிற்று.

ஆங்கிலேயர் இயற்றிய கட்டளைச் சட்டங்கள் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. சாட்சிகளின் முன்னிலையில் வாய்ச்சொல்லாலோ ஓலையிலோ நிலத்தைக் கொடுத்து வந்த நாட்டில், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நிலமாற்றம் யாவும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும் என விதித்தது. மரணசாதனமும் நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் கூடியிருக்க, அல்லது சாட்சிகள் ஐவர் கூடியிருக்கக் கைச்சாத்திடப்படல் வேண்டும் என்பதும் அச்சட்டமே. 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒருவர் தம் சொத்தை மரணசாதனத்தால் யாருக்கேனும் விட்டுச்செல்லும் முழு உரிமையை வழங்கியது. 1852 இல், கண்டிச் சட்டம் வாய்மூடி நிற்கும் இடங்களில் கரையோர மாகாணங்களின் சட்டத்தைப் பின்பற்றுக என்று விதிக்கப்பட்டது. 1859 இல் திருமணப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதோடு, உடன்பிறந்தார் ஒரே மனைவியோடு வாழ்ந்து நிலத்தைப் பிரியாது காத்த பழைய வழக்கமும் விலக்கப்பட்டது. அதன்பின் ஒரு பெண்ணின் உரிமை, அவள் எங்கு வாழ்ந்தாள், யாரைப் பேணினாள் என்பதிலும் பார்க்க, பதிவேட்டில் ‘தீக’ என்றோ ‘பின்ன’ என்றோ எழுதப்பட்ட ஒரு சொல்லில் தங்கலாயிற்று. 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின்படியும், எவ்வகையென்று பதிவில்லாத திருமணம் மறுதலை நிறுவப்படும் வரை தீகம் என்றே கொள்ளப்படும்.

எழுத்து நன்மை செய்யவில்லை என்பது கருத்தன்று. பொய்ச் சாட்சிகளின் வலிமையை அது குறைத்தது. ஆனால், எழுத்து எழுதியதை மட்டுமே காக்கும். ஊரார் அறிந்த கடமைகள், எழுதப்படாத அளவில், நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தெரியாதவையாயின. இக்காலத்திலேயே கோப்பித் தோட்டங்கள் பரவின. நிலத்துக்கு விலை ஏறிற்று. விலை ஏறவே வழக்குகளும் ஏறின. ஒரு வயலுக்குப் பத்துப் பேர் உரிமையாளராகிய இடத்து, ஆண்டுக்கொருவராக மாறிமாறிப் பயிரிடும் ‘தட்டுமாறு’ என்னும் முறை தோன்றியது. பத்தாண்டுக்கு ஒருமுறை தன் கைக்கு வரும் வயலுக்கு யார் எருவிடுவர்? பிரிவிடல் வழக்குக்கென 1863 இல் ஒரு சட்டம் வந்தது. 1951 இலும் 1977 இலும் அது புதுக்கி இயற்றப்பட்டது. முன்யோசனையின்றி இறந்தவரின் நிலத்தைச் சட்டமே பங்கிட, பங்குகள் பெருகப் பெருகப் பயன் அருகிற்று.

நன்கொடையை மீட்கும் உரிமையும் இடர்ப்பட்டது. இன்று கொடுத்து நாளை மீட்டு மறுநாள் பிறருக்குக் கொடுத்தால், வாங்குவோர் யாரை நம்புவர்? இக்குறையைத் தீர்க்க எழுந்ததே 1938 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கண்டிச் சட்டத் திருத்தக் கட்டளைச் சட்டம். அது மீட்கும் உரிமையை அழித்துவிடவில்லை. பொது விதியாக நிலைநிறுத்தியது. ஆனாற் சமயப் பணிக்கு அளித்தவை, திருமணத்தை முன்னிட்டு அளித்தவை முதலிய சிலவற்றை விலக்கியதோடு, மீட்கும் உரிமையைத் துறந்தேன் என்று கொடுப்பவர் உறுதியிலே வெளிப்படையாக எழுதினால், அதன்பின் மீட்க இயலாது எனவும் விதித்தது. மகவேற்பும் உரிமைவழிக்குப் பயன்பட வேண்டுமாயின் நொத்தாரிசு உறுதியால் ஆதல் வேண்டும் என்றது. உயிரோடெஞ்சும் துணைக்குத் தேடிய ஆதனத்திற் சீவிய உரித்தை உறுதி செய்தது. பழைய வழக்கத்தின் நோக்கத்தைக் காத்து, அதன் மயக்கத்தைக் களைந்த திருத்தம் எனலாம்.

கண்டித் தமிழரின் நிலை

இவையெல்லாம் நமக்கு எவ்வாறு பொருந்தும் என்று மாணவர் வினவலாம். கண்டியில் வாழ்வதனால் மட்டும் ஒருவர் கண்டிச் சட்டத்துக்கு உட்படார். அது கண்டிச் சிங்களவருக்குரிய தனியாள் சட்டம். இந்நகரத்தின் ஒரே வீதியில் அடுத்தடுத்து வாழும் நால்வர் மரணசாதனம் எழுதாது இறப்பின், நால்வரின் சொத்தும் நான்கு வழியிற் செல்லும். கண்டிச் சிங்களவரின் சொத்து மேற்கூறிய முறையிற் செல்லும். முசிலீமின் சொத்து 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவர் மதநெறிக்கு ஏற்பச் செல்லும். இந்தியாவிலிருந்து வந்த வணிகர், தோட்டத் தொழிலாளர் ஆகியோரின் வழித்தோன்றல்களது சொத்து, 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பாதி உயிரோடெஞ்சும் துணைக்கும், மறுபாதி ஆண் பெண் வேற்றுமையின்றி மக்களுக்கும் சமமாகச் செல்லும். யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை உண்டு.

தேசவழமை 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரியால் தொகுக்கப்பட்டு, முதலியார் பன்னிருவரால் ஆராயப்பட்டு, 1806 இல் ஆங்கில ஆட்சியின் ஒழுங்குவிதியால் உறுதிப்படுத்தப்பட்டது. அங்கும் நாம் கண்ட முடிச்சு உண்டு. சீதனம் பெற்றுச் சென்ற மகள், சகோதரர் இருக்கையிற் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் உரிமை கோருதல் பழைய தேசவழமையில் இல்லை. எஞ்சியதைப் பெறும் புதல்வர் மேற் பெற்றோரைத் தாங்கும் பொறுப்பு விழுந்தது. கண்டியிலே தீகமாகச் சென்ற மகளின் நிலையோடு இதனை ஒப்பிடுக. வேற்றுமை என்னவெனில், யாழ்ப்பாணத்துப் பெண் தன் பங்கை முன்கூட்டிச் சீதனமாகப் பெற்றுக்கொண்டாள்.

ஆனால், கண்டிக்கு வந்து நிலைத்துவிட்ட யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை தொடர்ந்து செல்லுமா? அச்சட்டம் யாழ்ப்பாண மாகாணத்தின் குடிகளாகிய தமிழருக்கே உரியது. தன் இருப்பிடத்தை வேறிடத்தில் நிலையாக அமைத்துக்கொண்டவர் அக்குடிகளுள் ஒருவராகக் கொள்ளப்படார் என்னும் கருத்தை 1913 இல் உயர் நீதிமன்றம் தெரிவித்தது. ஆகவே, எழுதுவினைஞராகவும், ஆசிரியராகவும், மருத்துவராகவும் இந்நகர் வந்து, இங்கே வீடு கட்டி, ஆண்டுக்கொருமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் செல்லும் ஒருவர் எச்சட்டத்துக்கு உட்பட்டவர் என்பது, அவர் இறந்தபின் வழக்கறிஞர் வாதிட்டுத் தீர்க்க வேண்டிய வினாவாகிவிடுகின்றது. மனைவிக்குரிய பங்கும், சீதனம் பெற்ற மகளின் நிலையும் அத்தீர்ப்பைப் பொறுத்தே அமையும். அவ்வாதம் நடைபெறும் ஆண்டுகளில் விதவை எவ்வாறு வாழ்வார்? இதுவே நாம் எண்ண வேண்டிய வினா.

மலைத்தோட்டங்களில் வாழும் நம்மவரின் நிலை வேறு. 1867 இல் கண்டிக்கு அணித்தாயுள்ள லூல்கந்துரையிலே தேயிலை பயிரிடப்பட்ட நாள் முதலாக, அம்மலைகளைப் பொன் விளையும் பூமியாக்கிய மக்களுட் பெரும்பாலோருக்குத் தாம் குடியிருந்த லயத்து அறைக்கே உறுதி இருந்ததில்லை. நிலமில்லாதவருக்கு உரிமைவழி ஏன் என்று சிலர் கருதலாம். அது பிழை. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியே அவர்களது தேடியதேட்டம். அந்நிதியிற் பின்னுரித்தாளர் பெயரைப் பதிதல் மரணசாதனம் எழுதுதற்கு நிகரான செயல். திருமணத்துக்கு முன் தாயின் பெயரை எழுதியவர், மனைவி மக்கள் வந்தபின் அதனை மீண்டும் எண்ணிப் பார்த்தாரா என்பதிலே ஒரு குடும்பத்தின் அடுத்த சில ஆண்டுகள் தங்கியுள்ளன.

வரலாறு தரும் பாடம்

இனி, கண்டிச் சட்டத்தின் பழைய முடிச்சை நம் சட்டங்களின் இழைகொண்டு எவ்வாறு இடலாம் என்று நோக்குவோம். உதாரணமாக, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கருதுவோம். அவருக்குக் கட்டுகலையில் ஒரு வீடு உண்டு, மனைவி உண்டு, திருமணமாகாத மகளும், வெளிநாட்டில் வாழும் மகனும் உண்டு. மகளின் திருமணத்தின்போது அவ்வீட்டைச் சீதனமாக எழுதுவதே நம்மவர் வழக்கம். எழுதியபின் அவ்வீடு மகளுடையது. உறோமன் ஒல்லாந்தச் சட்டத்தின்படி, பொதுவான நன்கொடையைக்கூடக் கொடிய நன்றியின்மை போன்ற காரணத்தை நீதிமன்றத்தில் நிறுவினாலன்றி மீட்க இயலாது. திருமணத்தை முன்னிட்டுக் கொடுத்ததை மீட்டல் அதனினும் அரிது. கண்டியின் முதியவருக்கு இருந்த பாதுகாப்பு நம் முதியவருக்கு இயல்பாக இல்லை. ஆயின், ஒரே வரியால் அதனை ஆக்கிக்கொள்ள இயலும். தமக்கும் தம் மனைவிக்கும் வாழ்நாள் முழுவதும் அவ்வீட்டில் வசிக்கவும் அதன் வருவாயைத் துய்க்கவும் சீவிய உரித்தை ஒதுக்கிக்கொண்டு அவர் உறுதியை எழுதுவிக்கலாம். வீடு மகளுக்கு ஆகும். ஆனால் யாரும் அவரை வெளியேற்ற இயலாது. கண்டி விதவை பெற்ற உரித்தும் இதுவேயன்றோ?

உயிரோடிருக்கையிற் கொடுக்க விரும்பாதவர் மரணசாதனம் எழுதலாம். அதனை எத்தனை முறையும் மாற்றலாம்; கண்டியின் மீட்கத்தக்க நன்கொடைக்கு நம் சட்டத்தில் மிக அணித்தாக நிற்பது இதுவே. எழுதுபவர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். எழுதியபின் நிகழும் திருமணம் முன்னெழுதிய சாதனத்தை நீக்கிவிடும். அன்றியும், சாதனத்தை நிறைவேற்றுபவராக நியமிக்கப்படுபவர் நேர்மையும், நீதிமன்ற அலுவல்களைக் கவனிக்க ஓய்வும் உடையவராதல் வேண்டும்.

எழுதாமற் போனவருக்கும் அரசு ஒருவாறு துணைநிற்கின்றது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், பெற்றோரை மக்கள் வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என விதித்து, பராமரிப்புக் கோரி முறையிடுவதற்கென ஒரு சபையையும் அமைத்துள்ளது. நல்ல சட்டமே. ஆனால், பெற்ற மகன் மேல் முறைப்பாடு எழுதக் கைநடுங்காத தாய் எத்தனை பேர்? முறையிடும் நிலை வராமற் காப்பதே முன்யோசனையின் பயன். கண்டிச் சட்டத்தின் முதியவர் முறையிடவில்லை. மீட்கும் வல்லமை தம் கையிலிருந்தமையால், பெரும்பாலும் மீட்க வேண்டிய தேவையும் அவருக்கு நேர்ந்திராது.

சாவைப் பற்றி வாழுங்காலத்திற் பேசுதல் அமங்கலம் என்று நம் வீடுகளிற் கூறுவதுண்டு. ஆயின், மகளுக்குச் சீதன உறுதி எழுதும் நாளை நாம் நன்னாளாகவே கொள்கின்றோம். அன்று விளக்கேற்றி, பெரியோரை அழைத்து, மங்கலச் சொற்கள் சொல்லி எழுதுகின்றோம். அவ்வுறுதியும் உரிமைவழியின் ஒரு பகுதியேயன்றி வேறன்று. மகளின் வாழ்வை எண்ணி எழுதுங் கை, மனைவியின் முதுமையை எண்ணி மற்றும் ஒரு வரி எழுதுதல் எவ்வாறு அமங்கலமாகும்?

கண்டி நாட்டுச் சட்டத்தை நாம் அப்படியே மேற்கொள்ள இயலாது, மேற்கொள்ளவும் வேண்டியதில்லை. வாயிலருகே ஊன்றுகோலும் பந்தமும் வைத்துக் காத்திருக்கும் மருமகனை இக்காலம் ஏற்காது. மணந்து சென்றமையால் மகள் பங்கிழத்தலையும் ஏற்காது. ஆனால், பொருளைப் பெறுபவர் யார் என்று தீர்மானிக்கும் அதே வேளையில், பேணப்பட வேண்டியவர் யார் என்பதையும் அச்சட்டத்தார் தீர்மானித்தனர். அவர்களுக்கு அதனை ஊர்வழக்கம் செய்துகொடுத்தது. நமக்கு அதனைச் செய்துகொடுக்கும் ஊர்வழக்கம் இன்றில்லை. ஆகவே நாமே எழுதுதல் வேண்டும். இக்கல்லூரியிற் பயின்று சட்டத்துறை புகும் மாணவர், தம்மிடம் உறுதி எழுத வரும் முதியோரிடம், இவ்வீடு யாருக்கு என்று கேட்டதோடு அமையாது, இதன்பின் தாங்கள் எங்கு வாழ்வீர்கள் என்றுங் கேட்பாராக. அவ்வொரு வினாவினாற் காக்கப்படும் குடும்பங்கள் பல.